பாளையங்கோட்டை மொட்டைமாடியில் ஒரு கால்வட்டம்

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். நானே செய்த மரக் கால்வட்டப் பலகையோடு மொட்டைமாடியில் நின்று, அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) அடிவானத்துக்கு மேல் ஏறும் உச்ச உயரத்தைப் பாகையில் அளந்து, அதிலிருந்து வீட்டின் அட்சரேகையைக் கணக்கிட்டேன். 8 பாகை 31 கலை வந்தது. அதே இரவில், அதே பலகையை வடக்கே திருப்பி, கப்பெல்லா நட்சத்திரத்தை அளந்து கணக்கிட்டால் 8 பாகை 54 கலை. முதல் கணக்குப்படி வீடு நாங்குநேரிப் பக்கம் இருக்கிறது. இரண்டாவது கணக்குப்படி கங்கைகொண்டானைத் தாண்டிக் கயத்தாற்றை நோக்கிப் போய்விட்டது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 8 பாகை 42½ கலை. வரைபடத்தில் பாளையங்கோட்டை இருப்பது 8 பாகை 43 கலையில்.

ஒரு பாகைக்கு 60 கலை. தரையில் தெற்கு வடக்காக நடந்தால் ஒரு கலை என்பது ஏறக்குறைய 1.84 கிலோமீட்டர். அரைக் கலை பொருந்தியதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. என் கருவியை இரண்டு மூன்று கலைக்குள் நம்பலாம், அதற்கு மேல் முடியாது. ஆனால் இரண்டு தப்பான விடைகளிலிருந்து சரியான விடை கிடைத்த வழி அதிர்ஷ்டம் இல்லை. அந்த வழி பிடிபட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேலை தொடங்கியது பஞ்சாங்கத்தில். திருக்கணிதப் பஞ்சாங்கம் ராசிச் சக்கரத்தின் தொடக்கப் புள்ளியைச் சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிரே வைக்கிறது. மேக்நாத் சாகா தலைமையில் 1950-களில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஏற்றுக்கொண்ட அயனாம்சமும் (சம இரவுப் புள்ளியிலிருந்து ராசிச் சக்கரத்தின் தொடக்கம் தள்ளியிருக்கும் அளவு) இதை ஒட்டியதுதான். இதே சித்திரையை வைத்துத்தான் கிரேக்க நாட்டு ஹிப்பார்க்கஸ், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில், சம இரவுப் புள்ளி, அதாவது பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடம், வானத்தில் மெல்ல நகர்கிறது என்று கண்டார். அவருக்கு ஏறக்குறைய 150 ஆண்டு முன்பு அலெக்சாந்திரியாவில் டிமோக்காரிஸ் அளந்தபோது சித்திரை அந்தப் புள்ளியிலிருந்து 8 பாகை தள்ளி இருந்தது. ஹிப்பார்க்கஸ் அளந்தபோது 6 பாகை. தொலைநோக்கி வந்ததோ 1600-களில். கண்ணையும் மரத்தையும் பித்தளையையும் மட்டும் வைத்து இந்த அளவுக்கு எப்படி எட்டினார்கள் என்பதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

துருவ நட்சத்திரத்தின் உயரமே அட்சரேகை என்று பள்ளியில் படித்திருப்போம். நம் ஊரில் அது உதவாது. ஒன்பது பாகையை ஒட்டியே நிற்கிற நட்சத்திரம் தூசியிலும் தெருவிளக்கிலும் தென்னை மட்டையிலும் மறைந்துவிடுகிறது. தெரிந்தாலும் அது உண்மைத் துருவத்திலிருந்து அரைப் பாகைக்கு மேல் தள்ளி இருந்து சுற்றுகிறது. அதனால் உச்சிக்கோட்டை (தலைக்கு நேர் மேலாகத் தெற்கு வடக்காகப் போகும் கோட்டை) கடக்கும்போது அளக்கத் தோதான பிரகாசமான நட்சத்திரங்களையே பிடித்தேன். மாசி மாத முன்னிரவில் ரோகிணி, கப்பெல்லா, அகத்தியம், சிரியஸ் எல்லாம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வரிசையாக உச்சியைக் கடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டிருக்கும் நேரமும் அதுதான்.

சரி, பலகைக்கு வருவோம்.

அளவுகோலை வட்ட வில்லில் கோடு போட்டு உருவாக்குவது பெரிய வேலை. அதைத் தவிர்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஆரம் 1146 மில்லிமீட்டர் என்றால் கால்வட்ட வில்லின் நீளம் சரியாக 1800 மில்லிமீட்டர். அப்போது ஒரு பாகைக்கு 20 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கு 3 கலை. கடையில் கிடைக்கிற மில்லிமீட்டர் டேப்பை வில்லின் விளிம்பில் ஒட்டினாலே பாகைமானி ஆகிவிடும். எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டில் பாதி, அதாவது நாலுக்கு நாலு துண்டு, இந்த ஆரத்துக்குப் போதும். 12 மில்லிமீட்டர் கனம் எடுத்தேன்.

பலகையைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது ஆசாரி அண்ணாச்சி, "என்ன தம்பி, வாசலுக்கு ஆர்ச்சா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, நட்சத்திரம் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளக்க."

அவர் பலகையைத் தூக்கி ஒரு கண்ணை மூடி விளிம்பைப் பார்த்தார். "அப்படின்னா இப்படியே விடக்கூடாது. பிளை குறுக்க வளையும். பின்னால ரீப்பர் அடிச்சுதான் ஆகணும்."

அவர் சொன்னதுதான் சரி. பின்னால் இரண்டு தேக்கு ரீப்பர்களைக் குறுக்காகவும் ஒன்றை நெடுக்காகவும் பசை போட்டுத் திருகினோம். அது இல்லாமல் இருந்திருந்தால் பனியில் நனைந்து காய்ந்ததுமே பலகை முறுக்கியிருக்கும்.

வில்லை முதலில் ஜிக்சாவில் வெட்டினோம். கண்ணுக்கு அழகாக இருந்தது. மையத்தில் ஆணி அடித்து ஒரு சட்டத்தைச் சுழற்றிப் பார்த்தபோது விளிம்பு இங்கே ஒரு மில்லி உள்ளே, அங்கே ஒன்றரை மில்லி வெளியே என்று அலை அலையாக இருந்தது. டேப் இந்த அலையோடு ஏறி இறங்கினால் நீளம் கூடி அளவு தப்பும். அண்ணாச்சி மரத்தைச் செதுக்குகிற ரௌட்டர் எந்திரத்தை ஒரு நீளச் சட்டத்தின் முனையில் மாட்டி, மறுமுனையை மைய ஆணியில் கோத்து, காம்பஸ் மாதிரி ஒரே இழுப்பில் சுற்றி வந்தார். இரண்டாவது சுற்றில் விளிம்பு முழுதும் ஒரே ஆரத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் உப்புத்தாள், இரண்டு பூச்சு வார்னிஷ். இப்படி ஒன்று செய்ய நினைப்பவர்கள் ஜிக்சாவில் நேரத்தைப் போக்க வேண்டாம். நேராக ரௌட்டருக்கே போய்விடலாம்.

டேப்பிலும் ஒரு சுற்றுவழி. தையல்கடை டேப் விளிம்பில் அருமையாகப் படிந்தது. அதன் 900 மில்லியை இரும்பு அளவுகோலோடு ஒப்பிட்டபோது இரண்டு மில்லி அதிகம் காட்டியது. இழுத்து ஒட்டினால் இன்னும் நீளும். இரண்டு மில்லி என்றால் ஆறு கலை, தரையில் பதினொரு கிலோமீட்டர். அதை உரித்துவிட்டு, மரவேலை மேசைகளில் ஒட்டுகிற பசையுள்ள ஸ்டீல் டேப்பை வாங்கி ஒட்டினேன். 1800-ல் நிறுத்தாமல் 1830 வரை ஓடவிட்டேன். அந்தக் கூடுதல் நீளத்தின் பயன் பின்னால் தெரிந்தது.

ஒட்டிய பின் அளவு சரியா என்று பார்க்க மிகப் பழைய வழி ஒன்று உண்டு. வட்டத்தின் ஆரத்தையே நாணாக வைத்தால் அது சரியாக 60 பாகையை வெட்டும். 1146 மில்லி நீளச் சட்டத்தின் இரு முனையிலும் கூரான ஆணி வைத்து, ஒரு முனையை 0-ல் ஊன்றினால் மறுமுனை 1200-ல் விழ வேண்டும். என் பலகையில் 1200-க்கு அரை மில்லிக்கும் குறைவாகத் தள்ளி விழுந்தது. 600-லிருந்து 1800-க்கும் அதே மாதிரி. லண்டன் கருவிக் கைவினைஞர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள். ஜார்ஜ் கிரஹாம் 1725-ல் கிரீனிச் வானாய்வகத்துக்காகச் செய்த எட்டடிச் சுவர்க் கால்வட்டத்தில், 90 பிரிவு உள்ள அளவுகோலோடு 96 பிரிவு உள்ள இன்னொன்றையும் வைத்தார். 90-ஐப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போக முடியாது. 96-ல் 60 பாகைக்கு 64 பிரிவு. அதைக் காம்பஸை மட்டும் வைத்துப் பாதியாக்கிப் பாதியாக்கி ஒன்றுவரை வரலாம். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்த்தார்கள்.

பலகையின் மையம் மேல் மூலையில் வருகிறது, வில் கீழே. மையத்தில் சுழலும் ஒரு பார்வைச்சட்டம், அதன் கீழ்முனையில் உள்ள முள் வில்லின் மேல் நகர்ந்து அளவைக் காட்டும். கண் கீழ்முனையில். அங்கிருந்து மையத்தின் வழியாக நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். சட்டத்துக்கு முக்கால் அங்குல அலுமினியச் சதுரக் குழாய். மையத்தில் முதலில் வெறும் துளையும் 8 மில்லி போல்ட்டும்தான் இருந்தன. சில நாளிலேயே பிளைவுட் தேய்ந்து போல்ட் ஆட ஆரம்பித்தது. அங்கே அரை மில்லி ஆடினாலே ஒன்றரைக் கலை. துளையைப் பெரிதாக்கி 608 பேரிங்கை எப்பாக்சி வைத்து இறுக்கிவிட்டேன். அறுபது ரூபாய் பேரிங். இந்தக் கருவியில் நான் செய்த செலவிலேயே பயனுள்ளது அதுதான்.

என்னை மிகவும் அலைக்கழித்தது பார்வைத்துளை. கண்ணருகே இரண்டு மில்லி துளை, மறுமுனையில் ஒரு ஆணி என்று வைத்திருந்தேன். பகலில் தூரத்துக் கைபேசிக் கோபுரத்தின் உச்சி ஆணி நுனியில் பிசகாமல் உட்கார்ந்தது. இரவில் ஆணி தெரியவே இல்லை. டார்ச் அடித்தால் ஆணி தெரியும், நட்சத்திரம் மங்கிவிடும். துளையைச் சிறிதாக்கினால் இருட்டில் விரிந்திருக்கும் கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை, பெரிதாக்கினால் குறி பிசகுகிறது.

இதற்கு விடை டைக்கோ பிராகியிடம் கிடைத்தது. அன்றைய டென்மார்க்கின் வென் தீவில் 1570-களிலிருந்து இருபது ஆண்டு வெறுங்கண்ணால் அளந்தவர். அவர் செய்த ஏற்பாடு இது. தூர முனையில் ஆணிக்குப் பதில் ஒரு கனமான துண்டு. கண் முனையில் ஒரு தகடு, அதில் இணையாக இரண்டு பிளவுகள். பிளவுகளுக்கு இடையே உள்ள தூரமும் துண்டின் கனமும் ஒன்றே. மேல் பிளவு வழியாகப் பார்த்தால் நட்சத்திரம் துண்டின் மேல் விளிம்பை உரசிக்கொண்டு தெரியும். கீழ்ப் பிளவு வழியாகப் பார்த்தால் கீழ் விளிம்பை உரசிக்கொண்டு தெரியும். இரண்டிலும் ஒரே பிரகாசமாக எட்டிப் பார்த்தால் சட்டம் நட்சத்திரத்தை நேராக நோக்குகிறது என்று பொருள். எதையும் வெளிச்சம் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. நட்சத்திரமே துண்டின் விளிம்பைக் காட்டிக்கொடுக்கிறது.

20 மில்லி அலுமினியத் துண்டும், பழைய டிபன் பாக்ஸ் மூடியில் வெட்டிய இரண்டு பிளவுகளும் வைத்தேன். முதலில் சிரியஸைப் பிடித்துப் பார்த்தேன். சட்டத்தை மயிரிழை ஏற்றினால் மேல் பிளவில் அணைகிறது, இறக்கினால் கீழ்ப் பிளவில் அணைகிறது. நடுவே ஒரு இடத்தில் இரண்டிலும் மினுக்குகிறது. அந்த இடத்தின் அகலம் வில்லில் ஒரு மில்லிக்கும் குறைவு. நானூற்றைம்பது வருடம் முன்பு ஒருவர் யோசித்த தீர்வு நம் வீட்டு மாடியில் அப்படியே வேலை செய்வதைப் பார்த்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. தொலைநோக்கி வந்த பிறகும் டான்சிக் நகர வானியலாளர் ஹெவீலியஸ் அளப்பதற்கு வெறும் பார்வைத்தகட்டையே வைத்துக்கொண்டார். 1679-ல் எட்மண்ட் ஹாலி தொலைநோக்கி பொருத்திய கருவியோடு நேரில் போய் ஒப்பிட்டு, அவருடைய அளவுகள் நம்பத் தகுந்தவைதான் என்று ஒப்புக்கொண்டார். இந்தப் பிளவு வழியாகப் பார்த்த பிறகு அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

நிறுத்துவதற்கு இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் போட்டு அதில் இரண்டு அங்குல ஜி.ஐ. குழாயை மூன்றடி நீளத்துக்கு நட்டேன். அதற்குள் ஒன்றரை அங்குலக் குழாய் இறங்கிச் சுழலும். பலகை அதன் மேல். மையம் தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில் வருகிற மாதிரி வைத்தால் அகத்தியத்தை நின்றுகொண்டும் கப்பெல்லாவையும் சிரியஸையும் முக்காலியில் உட்கார்ந்தும் பார்க்கலாம்.

மையத்திலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு நூல் வில்லில் 1800-ஐக் காட்டினால் பலகை செங்குத்தாக இருக்கிறது. நூலுக்குத் தூண்டில் நரம்பு நல்லது. பருத்தி நூல் பனியில் ஊறி முறுக்கிக்கொள்கிறது. குண்டு 400 கிராம் பித்தளை. மொட்டைமாடிக் காற்றில் அது ஓயாமல் ஆடியது. ஒரு வாளித் தண்ணீருக்குள் குண்டை முங்கவிட்டதும் அடங்கியது. டேப் விளிம்பில் இருக்கிறது, நூலோ பலகை முகத்துக்கு முன்னால் தொங்குகிறது. அதனால் மூலைமட்டம் வைத்து 1790-லிருந்து 1810 வரையிலான கோடுகளை முகத்தில் கூரான கத்தியால் கீறிவிட்டேன். 1830 வரை டேப் ஓட்டியதன் பயன் இதுதான், நூல் எந்தப் பக்கம் விலகினாலும் படிக்கலாம்.

விலகவும் செய்தது. தெற்கே பார்க்கும்போது 1800-ல் இருந்த நூல், பலகையை வடக்கே திருப்பியதும் 1804-க்குப் போயிற்று. குழாய்க்குள் குழாய் தளர்வாக இருப்பதால் பலகையின் கனம் அதைச் சாய்க்கிறது. நாலு மில்லி, பன்னிரண்டு கலை. குழாய்களுக்கு நடுவே தகரம் சொருகிப் பார்த்தேன். குறைந்தது, போகவில்லை. கடைசியில் பலகையைக் குழாயோடு சேர்க்கும் இடத்தில் ஒரு நீள போல்ட்டை வைத்து, அதைத் திருகினால் பலகை மெல்லச் சாயும்படி செய்துகொண்டேன். ஒவ்வொரு முறை திருப்பியதும் போல்ட்டைத் திருகி நூலை 1800-க்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நிமிட வேலைதான்.

தெற்கு வடக்குக் கோட்டைச் சிற்பிகள் கோயிலுக்குத் திசை பார்க்கும் முறையிலேயே எடுத்தேன். சமதளத்தில் ஒரு கோல், அதைச் சுற்றி ஒரு வட்டம், காலையில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடம் ஒன்று, மாலையில் தொடும் இடம் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்துக் கோடு தெற்கு வடக்கு. ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் மாடித்தரை மழைநீர் வடியச் சரிந்திருந்தது. ஒரு கடப்பாக் கல்லை ஆப்பு வைத்து மட்டப்படுத்தி அதன் மேல் செய்தேன். இதில் அளவுக்கு மீறி மெனக்கெட வேண்டியதில்லை. அகத்தியத்தைப் பார்க்கும்போது பலகையின் திசை ஒரு பாகை பிசகினாலும் உயரத்தில் ஒரு கலைகூட மாறாது. உச்சியை ஒட்டி நட்சத்திரம் ஏறக்குறைய கிடையாகத்தான் நகர்கிறது.

பிப்ரவரி நடுவில் கப்பெல்லா எட்டு மணிக்குச் சற்று முன்பும், அகத்தியம் ஒன்பது மணியை ஒட்டியும், சிரியஸ் அதற்கு இருபது நிமிடம் கழித்தும் உச்சிக்கு வருகின்றன. மனைவி டார்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு டேப்பைப் படித்தாள், என் கண் பிளவை விட்டு நகரவில்லை. கப்பெல்லா 1058 மில்லி, அதாவது 52 பாகை 54 கலை. அகத்தியம் 576, அதாவது 28 பாகை 48 கலை. சிரியஸ் 1295. தாழ்ந்த நட்சத்திரத்தின் ஒளியைக் காற்று வளைத்துச் சற்று உயர்த்திக் காட்டும். அதற்காக அகத்தியத்தில் இரண்டு கலையும் கப்பெல்லாவில் ஒரு கலையும் கழித்தேன்.

வானத்தின் நடுவரையிலிருந்து, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டிலிருந்து, அகத்தியம் 52 பாகை 43 கலை தெற்கே இருக்கிறது. அதன் உச்ச உயரத்தையும் இந்த விலக்கத்தையும் 90-லிருந்து கழித்தால் மீதி அட்சரேகை. அது 8 பாகை 31 கலை. கப்பெல்லா 46 பாகை 1 கலை வடக்கே இருக்கிறது. அதன் உயரத்தோடு விலக்கத்தைக் கூட்டி 90-ஐக் கழித்தால் 8 பாகை 54 கலை. அப்படித்தான் வீடு ஒரே இரவில் இரண்டு ஊருக்குப் போனது.

கொஞ்ச நேரம் வரைபடத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தேன். உயரம் கூடுதலாகப் படித்தால் தெற்கு நட்சத்திரம் அட்சரேகையைக் குறைத்துக் காட்டும், வடக்கு நட்சத்திரம் கூட்டிக் காட்டும். இரண்டும் உண்மையிலிருந்து எதிரெதிர்த் திசையில் ஒரே அளவு விலகியிருக்கின்றன. என்றால் பலகை எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே அளவு, 11½ கலை, கூடுதலாகக் காட்டுகிறது. பார்வைத்தகடும் தூரத் துண்டும் சட்டத்தின் முள்ளுக்கு இணையாக இல்லை, ஏறக்குறைய நாலு மில்லி சாய்வு. சரிபார்க்கச் சிரியஸ் இருந்தது. 1295 மில்லி என்றால் 64 பாகை 45 கலை. 11½ கழித்து, காற்றுக்கு அரைக் கலை கழித்தால் 64 பாகை 33 கலை. இருக்க வேண்டியது 64 பாகை 32 கலை.

இதைப் பார்த்த பிறகு பழைய வானியலில் சில நட்சத்திரங்களுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று விளங்கியது. சூரிய சித்தாந்தம் இருபத்தேழு நட்சத்திரக் கூட்டத்துக்கும் ஒவ்வொரு யோகதாரையை (கூட்டத்துக்கு அடையாளமான நட்சத்திரத்தை) குறித்து அதன் இடத்தைச் சொல்கிறது. அகத்தியத்துக்கும் தனியே இடம் சொல்கிறது, மிதுன முடிவில் 80 பாகை தெற்கே என்று. டைக்கோ மேஷ ராசியின் ஹமால் என்ற நட்சத்திரத்தை அடிப்படையாக வைத்தார். சூரியனிலிருந்து பகலில் தெரியும் வெள்ளிக்கும், இரவில் வெள்ளியிலிருந்து நட்சத்திரத்துக்கும் அளந்து அதன் இடத்தை உறுதிசெய்தார். கிரீனிச் வானாய்வகத் தலைவர் மாஸ்கெலின் 36 நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்ப அளந்தார். மற்ற நட்சத்திரங்களை அளக்க மட்டுமல்ல, தங்கள் கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்று கேட்கவும் இந்த நட்சத்திரங்கள்தான் சாட்சி. நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. 1802-ல் சென்னையில் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் குமரி முனை வரை வந்து, லண்டன் கருவிக் கைவினைஞர் ராம்ஸ்டன் செய்த ஐந்தடிக் கருவியால் உச்சியை ஒட்டிய நட்சத்திரங்களை அளந்தார். உச்சி அருகே காற்றின் வளைவு மிகக் குறைவு. கருவியின் முகத்தை ஒருமுறை கிழக்கே, ஒருமுறை மேற்கே திருப்பி வைத்து அளந்து, கருவியின் சாய்வைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். நான் வடக்கும் தெற்கும் திரும்பிச் செய்ததும் அதே காரியம்தான்.

தகட்டை வளைத்து 11½ கலையைச் சரிசெய்யலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். தொட்டால் புதிதாக எவ்வளவு சாயும் என்று தெரியாது. தெரிந்த பிழை தாளில் எழுதிக் கழிக்கக்கூடியது. பலகையின் பின்புறம் "கழிக்க: 11½" என்று மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை கப்பெல்லாவையும் அகத்தியத்தையும் பார்த்து அந்த எண் மாறியிருக்கிறதா என்று கவனிக்கிறேன்.

ரோகிணி மட்டும் ஒத்துழைக்கவில்லை. நம் உச்சிக்கு எட்டு பாகை வடக்கே கடக்கிறது, மூன்று கலை குறைவாக வந்தது. உச்சிக்கு இவ்வளவு பக்கத்தில் போகிற நட்சத்திரம் நாலு நிமிடம் தாமதித்தாலே மூன்று கலைக்கு மேல் இறங்கிவிடும். கழுத்தை அண்ணாந்துகொண்டு பிளவில் அதைத் தேடுவதற்குள் அந்த நாலு நிமிடம் போய்விடுகிறது. லாம்ப்டனின் ஆட்களுக்குப் படுத்துப் பார்க்க வசதி இருந்திருக்கும்.

அளக்கப் போனதில் கிடைத்த இன்னொன்று. அகத்தியம் பொதிகைக்குப் பின்னால்தான் மறையும் என்று சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன், அகத்தியர் இருக்கிற மலை அது என்பதால். பொதிகை எங்களுக்கு மேற்கே. நட்சத்திரம் இறங்குவது தென்மேற்கில் மகேந்திரகிரிப் பக்கம், இஸ்ரோ ராக்கெட் என்ஜின் சோதிக்கிற இடத்தை ஒட்டி. 1964-ல் செவ்வாய்க்குக் கிளம்பிய மாரினர் 4 விண்கலம் சூரியனையும் இந்த அகத்தியத்தையும் பிடித்துக்கொண்டுதான் தன் திசையை வைத்திருந்தது. ஆகவே அந்த இடமும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

செலவு: பிளைவுட் 1,100, ரௌட்டர் கூலி 600, அலுமினியக் குழாய் 350, ஸ்டீல் டேப் 380, பழைய இரும்புக் கடையில் ஜி.ஐ. குழாய்கள் 450, சிமென்ட் 220, பேரிங்கும் போல்ட்டும் 180, தூக்குக்குண்டு 250, நரம்பு 60, வார்னிஷ் 250. மொத்தம் 3,840 ரூபாய். ரீப்பருக்கு அண்ணாச்சி காசு வாங்கவில்லை.

மறுபடி செய்தால் குழாய்க்குள் குழாய் வைக்க மாட்டேன். மேலும் கீழும் பேரிங் போட்டு ஒரே தண்டாகச் சுழலவிடுவேன். பலகையில் ஜன்னல் மாதிரி இரண்டு இடத்தில் வெட்டிக் காற்று போக வழி விடுவேன், பத்து மணிக்கு மேல் காற்று ஏறினால் பலகை பாய்மரமாகிவிடுகிறது. முள்ளில் ஒரு வெர்னியர், அதாவது மில்லிமீட்டரின் பின்னத்தைப் படிக்க உதவும் துணை அளவுகோல், ஒட்டுவேன். ஒன்பது மில்லியைப் பத்தாகப் பிரித்துத் தெளிவான பிலிமில் லேசர் பிரின்ட் எடுத்தால் போதும். இப்போது அரை மில்லிவரைதான் கண்ணால் படிக்க முடிகிறது, அது ஒன்றரைக் கலை.

அடுத்த வேலையும் அகத்தியத்தோடுதான். கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் பொசிடோனியஸ் இதே நட்சத்திரத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ரோட்ஸ் தீவில் அது அடிவானத்தைத் தொட்டு மறைகிறது, அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 48-ல் ஒரு பங்கு எழுகிறது என்று கொண்டார். உண்மையில் அங்கே ஆறு பாகைதான் எழும், அவர் ஏழரை என்று வைத்தார். அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரத்தில் காற்றின் வளைவும் சேர்ந்து தொல்லை தரும். நம் ஊரில் அது 28 பாகைக்கு மேல் ஏறுவதால் அந்தத் தொல்லை இல்லை. பெங்களூரு ஏறக்குறைய நம் தீர்க்கரேகையிலேயே இருக்கிறது, நேர் வடக்கே 470 கிலோமீட்டர். அங்கே மச்சினன் வீட்டு மாடியில் அகத்தியம் இங்கேயுள்ளதைவிட நாலேகால் பாகை தாழ்ந்து கடக்கும். இரண்டு இடத்திலும் ஒரே கருவி, ஒரே பக்கம், ஒரே நட்சத்திரம் என்றால் கருவியின் சாய்வைக் கழிக்கக்கூடத் தேவையில்லை, தானே அடிபட்டுப்போகும். மூன்று கலை பிசகினாலும் சுற்றளவில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் பிழை வரும். இந்தப் பலகையைப் பேருந்தில் ஏற்ற முடியாது. அதனால் பாதி ஆரத்தில், 573 மில்லியில், ஒரு பாகைக்கு 10 மில்லி வருகிற மாதிரி, கழற்றி மாட்டும் ஒன்றுக்கு அண்ணாச்சியிடம் அளவு கொடுத்திருக்கிறேன். இந்த முறை பேரிங் துளையை முதலிலேயே 22 மில்லிக்குப் போடச் சொல்லியாயிற்று.